கேஸ் ஷீட்டில் எடைக்கு ஓர் இடம்

திடீர்க் கல்லீரல் செயலிழப்பு அரிதான நோய். தனியொரு மருத்துவமனை, தன்னிடம் வந்தவர்களை மட்டும் வைத்து அதைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. டல்லாஸ் நகரத்துக் கல்லீரல் மருத்துவர் வில்லியம் லீ இதை உணர்ந்து, அமெரிக்காவின் பல மருத்துவமனைகளை 1998இல் ஒன்றுசேர்த்தார். இந்த நோயோடு வரும் ஒவ்வொருவரின் விவரமும் ஒரே பதிவேட்டில் ஏறத் தொடங்கியது: என்ன காரணம், எத்தனை நாள், என்ன சிகிச்சை, பிழைத்தாரா, இறந்தாரா. அந்தப் பதிவேட்டில் உயரமும் எடையும்கூட இருந்தன.

2006ஆம் ஆண்டு அன்னா ரதர்ஃபோர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தப் பதிவேட்டைப் புரட்டி இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். பருமனானவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறதா? வந்துவிட்டால், அவர்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறதா?

முதல் கேள்விக்கு விடை, இல்லை. ஆராயப்பட்ட 782 பெரியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் பருமனானவர்கள். அன்றைய அமெரிக்கப் பொதுமக்களிடமும் அதே அளவுதான். இரண்டாவது கேள்விக்கு விடை, ஆம். எடையை உயரத்தோடு ஒப்பிடும் குறியீடான பி.எம்.ஐ. 30ஐத் தாண்டியவர்கள் இறக்கவோ மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலைக்குப் போகவோ உள்ள வாய்ப்பு மற்றவர்களைப்போல 1.63 மடங்கு. 35ஐத் தாண்டியவர்களுக்கு 1.93 மடங்கு. மாற்று அறுவைக்குப் பிறகும் வேறுபாடு மறையவில்லை. பருமனானவர்கள் அதன் பின் இறக்கும் வாய்ப்பு 3.4 மடங்கு இருந்தது. நூற்றி அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு பி.எம்.ஐ. 30 என்பது 77 கிலோ. 35 என்பது 90 கிலோ. நம் தெருவில் அன்றாடம் நாம் பார்க்கும் உடல்கள்தான் இவை.

இந்த இரண்டு விடைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் எடையைப் பற்றிய பேச்சு எப்போதும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. ஒருவர் நோயில் விழுந்தவுடன், "சொன்னால் கேட்டாரா, உடம்பைக் குறைத்திருக்கலாம்" என்று உறவுகளே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. இந்த நோயைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு உண்மையும் இல்லை, யாருக்கும் உதவுவதும் இல்லை. எடை இங்கே முதன்மையாகப் பேசவேண்டியது நோயாளியிடம் இல்லை. அவரைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனையிடம்.

ஏன் என்று புரிய, நோயின் வேகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை கல்லீரலில் எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவர். பசியின்மை, குமட்டல், பிறகு கண்ணில் மஞ்சள். சில நாட்களிலோ சில வாரங்களிலோ பேச்சு குழறுகிறது. பகலில் தூங்கி இரவில் விழித்துக் கிடக்கிறார். சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிறார். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5ஐத் தாண்டி, மூளையும் குழம்பத் தொடங்கினால் மருத்துவர்கள் அதைத் திடீர்க் கல்லீரல் செயலிழப்பு என்று வரையறுக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் சிரோசிஸ் போன்றது இல்லை இது. இங்கே மணிக்கணக்குதான்.

காரணங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாராசிட்டமால் அளவு மீறுவதே முதலிடம். இந்தியாவில் நீர்வழிப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களும், ஹெபடைடிஸ் பி வைரஸும், காசநோய் மருந்துகளும் முன்னே நிற்கின்றன. தமிழ்நாட்டில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை எத்தனையோ இளம் உயிர்களை இந்த வழியில் கொண்டுபோயிருக்கிறது. மாநில அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது காலம் தாழ்ந்து வந்தாலும் மிகச் சரியான முடிவு. மனம் நொந்திருப்பவர்கள் எந்த நேரத்திலும் 104, 14416 எண்களில் பேசலாம்.

கல்லீரல் ஏன் பருமனான உடலில் கூடுதலாகத் திணறுகிறது? ஒரே ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. பல சுமைகள் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன.

முதலாவது, கல்லீரலுக்குள்ளேயே படிந்திருக்கும் கொழுப்பு. பருமனானவர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அத்தகைய கல்லீரல் செல்களில் நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் கையிருப்பு குறைந்திருக்கலாம். சைட்டோகுரோம் 2ஈ1 என்ற நொதியின் வேகம் கூடியிருக்கும். பாராசிட்டமாலை நச்சுப்பொருளாக மாற்றும் வேலையைச் செய்வது இந்த நொதிதான். அடிபட்ட கல்லீரல் மீண்டும் வளரும் திறனும் இங்கே முக்கியம். உடலிலேயே தன்னை மறுபடி வளர்த்துக்கொள்ளும் ஆற்றலுக்குப் பெயர்போன உறுப்பு அது. நோயாளி பிழைப்பதே அந்த வளர்ச்சி நச்சை முந்திக்கொள்வதால்தான். லெப்டின் என்ற ஹார்மோன் இல்லாமல் பருத்துப்போன எலிகளின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து ஆராய்ந்தபோது, அது சரிவர மறுவளர்ச்சி அடையவில்லை.

அடுத்தது தசை. செயலிழந்த கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவதைக் கைவிடும்போது, அந்த வேலையின் ஒரு பங்கைத் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன. அம்மோனியாவை குளூட்டமினாக மாற்றி ரத்தத்தைத் தற்காலிகமாகக் காப்பாற்றுகின்றன. எடை அதிகமாக இருப்பவருக்குத் தசையும் அதிகம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உட்கார்ந்தே வேலை பார்க்கும் நடுவயதுக்காரரின் தொண்ணூறு கிலோவில் தசை மெலிந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அம்மோனியா விரைவாக ஏறும். ஏறினால் மூளை வீங்கும். இந்த நோயில் மூளை வீக்கத்தால் ஏற்படும் இறப்புகளை மருத்துவம் இன்னும் முழுதாக வென்றுவிடவில்லை.

மூன்றாவது, ஐ.சி.யூ. படுக்கை. வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் நுரையீரல் விரிவது குறைகிறது. மூச்சுக்குழாய் செருகுவது கடினமாகிறது. கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போடுவதும் கடினம்தான். சிறுநீரகங்கள் சீக்கிரம் சோர்கின்றன, டயாலிசிஸ் தேவைப்படுகிறது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே இருந்தால் தொற்று எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

இவ்வளவும் உண்மை என்றாலும், விடை உடலுக்குள் மட்டும் இல்லை. பொதுவான ஐ.சி.யூ. ஆய்வுகள் பலவற்றில், சற்றே எடை கூடியவர்கள் மெலிந்தவர்களைவிட நன்றாகவே பிழைத்திருக்கிறார்கள். ஆக, கொழுப்பு எல்லா நோயிலும் ஒரேபோலக் கொல்வதில்லை. கல்லீரல் செயலிழப்பில் மட்டும் முடிவு ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்கும்போது, நோயாளியின் உடலோடு நம் சிகிச்சை முறைகளையும் விசாரணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. இந்த நோயில் ஏறக்குறைய எல்லாச் சிகிச்சையும் கிலோ கணக்கில்தான் நடக்கிறது.

பாராசிட்டமால் நச்சுக்கு மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீனை எடுத்துக்கொள்வோம். லாரி பிரெஸ்காட் 1970களில் எடின்பரோவில் நிலைநாட்டிய மருந்து அது. வழக்கமான முறையில் 21 மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 300 மில்லிகிராம் ஏற்றுகிறார்கள். நூற்றி முப்பது கிலோ உள்ளவருக்கு அப்படியே கணக்கிட்டால் 39 கிராம் வரும். ஆனால் பிரிட்டனில் 110 கிலோவோடு கணக்கை நிறுத்துகிறார்கள். அமெரிக்காவில் 100 கிலோவோடு. அதற்கு மேல் உள்ள எடை பெரும்பாலும் கொழுப்பு, அதற்காக மருந்தைக் கூட்டினால் பக்கவிளைவே மிஞ்சும் என்பது காரணம். இந்த வரம்பு நியாயமானதே. ஆனால் நோயாளியின் எடையையே யாரும் பார்க்காத இடத்தில் இந்த வரம்புக்கு என்ன பொருள்? ட்ரிப்ஸ் பாட்டிலைத் தொங்கவிடுபவர், படுக்கையில் கிடக்கும் உடலைக் கண்ணால் பார்த்து "எழுபது இருக்கும்" என்று முடிவுசெய்தால், மெலிந்தவருக்கு மிகுந்து போகும், பருத்தவருக்குக் குறைந்து போகும்.

பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை இன்னும் நுணுக்கமானது. நோயாளியின் ரத்தத்திலிருந்து நச்சும் அழற்சிப் பொருட்களும் நிறைந்த பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஏற்றும் முறை அது. ஃபின் லார்சன் தலைமையில் ஐரோப்பிய மருத்துவர்கள் 182 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 58.7 சதவீதம் பேர் உயிரோடு டிஸ்சார்ஜ் ஆனார்கள், பெறாதவர்களில் 47.8 சதவீதம். அந்த ஆய்வில் நாளொன்றுக்கு மாற்றிய பிளாஸ்மாவின் அளவு எடையில் 15 சதவீதம். எந்த எடை? இயந்திரம் காட்டும் எடை இல்லை. அந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் எலிப்பசை நச்சுக்கு இதைவிடக் குறைந்த அளவு பிளாஸ்மாவை மாற்றிச் சிகிச்சை அளித்து, அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். செலவைத் தாங்க முடியாத குடும்பங்களுக்கு அந்த வழி பெரிய ஆறுதல். எந்த வழியானாலும் உயரம் தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. அவசரப் பிரிவில் உயரம் அளப்பதைப் பற்றி யோசிக்கவே நமக்கு வழக்கம் இல்லை.

யாருக்கு மாற்றுக் கல்லீரல் வேண்டும் என்று முடிவெடுக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல், லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலிருந்து 1989இல் வெளியானது. ரத்தத்தின் அமிலத்தன்மை, ஐ.என்.ஆர்., கிரியாட்டினின், வயது, பிலிருபின், காமாலை வந்து எத்தனை நாளில் மூளை குழம்பியது என்பதெல்லாம் அதில் உண்டு. எடை இல்லை. எடையைச் சேர்த்தால் அளவுகோல் மேம்படுமா என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் பருமனான ஒருவர் இன்னும் அளவுகோலை எட்டவில்லை என்பதற்காக மாவட்ட மருத்துவமனையில் மேலும் ஒரு நாள் காத்திருக்கலாமா? கூடாது என்பதே அமெரிக்கப் பதிவேடு தரும் பாடம். மற்றவர்களைவிட அவரை முன்னதாக அனுப்ப வேண்டும்.

மாற்று அறுவை என்று வரும்போது எடையின் கதை வேறொரு கட்டத்துக்குப் போகிறது. மேலை நாடுகளில் மூளைச்சாவு அடைந்தவர்களின் கல்லீரலே பெரும்பாலும் கிடைக்கிறது. இந்தியாவில் உறவினர் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பதே மிகுதி. அப்படிக் கொடுக்கும் பகுதி, பெறுபவரின் எடையில் குறைந்தது 0.8 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அறுவை மருத்துவர்களிடையே நிலவும் பொது விதி. அறுபது கிலோ நோயாளிக்கு 480 கிராம் போதும். நூறு கிலோ நோயாளிக்கு 800 கிராம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள மனைவியின் முழுக் கல்லீரலே 1,200 கிராம் அளவில் இருந்தால், வலது பக்கம் முழுவதையும் எடுத்தாலும் 720 கிராம்தான் தேறும். கொழுப்புத் திசுவுக்கு அந்த அளவு கல்லீரல் தேவையில்லை என்று வாதிட்டு, பருமனானவர்களுக்கு விதியைச் சற்றுத் தளர்த்தும் மருத்துவர்களும் உண்டு. அந்தத் தளர்வு திறமை வாய்ந்த கைகளில் மட்டுமே பாதுகாப்பானது.

கொடுப்பவரின் எடையும் இங்கே சேர்ந்துகொள்கிறது. அண்ணன் முன்வருகிறார், ஸ்கேன் செய்கிறார்கள், கொழுப்புக் கல்லீரல் என்று வருகிறது. கல்லீரலில் 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். சிரோசிஸ் நோயாளியின் குடும்பம் என்றால் "இரண்டு மாதம் நடந்து, எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று அண்ணனை அனுப்பலாம். அப்படிக் குறைத்துவந்து உயிர் கொடுத்தவர்கள் உண்டு. திடீர்ச் செயலிழப்பில் அந்த இரண்டு மாதம் கிடையாது. இரண்டு நாள் கிடைத்தாலே பெரிது. ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களில் ஒருவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தால் மற்றவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். பருமனான நோயாளிக்குப் பெரிய பங்கு வேண்டும். அவர் வீட்டிலோ கொடுக்கத் தகுந்த கல்லீரல் குறைவு. இந்த இறுக்கத்தைப் பற்றி நம் நாளிதழ்களில் போதிய அளவு எழுதப்படவே இல்லை.

அளவு பொருந்தாத சிக்கல் எதிர்முனையிலும் உண்டு. 1997இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைக்கு, கல்லீரல் செயலிழந்த நிலையில் பிறந்த ஒரு பெண் குழந்தை வந்தது. வயது ஐந்து நாள். பச்சிளம் குழந்தையின் வயிற்றுக்குள் எந்தக் கல்லீரலும் பெரிதாகத்தான் இருக்கும். அடைத்து மூடினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். அந்த அறுவையைச் செய்து குழந்தையைப் பிழைக்கவைத்தவர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூரில் பிறந்து சென்னை ஸ்டான்லியில் படித்த முகமது ரேலா. அது கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றது. கல்லீரலை நோயாளியின் அளவுக்கு வெட்டித் தைக்கும் கலை அந்த அளவு வளர்ந்திருக்கிறது. அந்தக் கலைஞர்கள் இன்று சென்னையிலேயே இருக்கிறார்கள். நோயாளி அவர்களிடம் போய்ச் சேர்வதில்தான் இழப்பு.

பருமனைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தினால் நம் ஊரின் பாதி உண்மை விடுபட்டுப்போகும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் இயல்பைவிட எடை கூடியவர்கள். அதே மாநிலத்தில் எட்டில் ஒரு பெண் இயல்பைவிட மெலிந்தவர். மெலிந்த உடல், கல்லீரலுக்கு வேறு விதமான ஆபத்தைக் கொண்டுவருகிறது.

1994இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் டேவிட் விட்கோம்ப், பாராசிட்டமாலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தார். அவர்களில் பலர் அந்த மருந்தைத் தற்கொலை எண்ணத்தோடு எடுத்தவர்கள் இல்லை. உடல் வலிக்காகப் பரிந்துரையைவிடச் சற்று மிகுதியாக எடுத்தவர்கள். காய்ச்சலிலோ குமட்டலிலோ பல நாள் சாப்பிடாமல் கிடந்தது, குறைந்த அளவிலேயே நச்சேறக் காரணமாகியிருந்தது. பட்டினியில் கல்லீரலின் குளூட்டாதயோன் கரைந்துபோகிறது. நம் வீடுகளில் நாற்பது கிலோ எடையுள்ள பாட்டி, வைரஸ் காய்ச்சலில் கஞ்சியும் இறங்காமல் படுத்திருப்பார். மருந்துக் கடையில் வாங்கிய 650 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். சளிக்கென்று தனியாக வாங்கிய மாத்திரைக்குள்ளும் அதே பாராசிட்டமால் இருக்கும். எண்பது கிலோ மகன் தாங்கும் அளவைப் பாட்டியின் கல்லீரலும் தாங்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

குழந்தைகளின் சிரப் விஷயத்திலும் இதே கதை. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. கடையில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கும், 250 உள்ளதும் கிடைக்கும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 100 மில்லிகிராம். "மூன்று வயதா, ஒரு ஸ்பூன்" என்று வயதை வைத்து அளப்பது சவலைக் குழந்தைக்கு அளவு மீறலாக முடியலாம். மூன்று வயதில் பதினான்கு கிலோ இருக்க வேண்டிய பிள்ளை பத்து கிலோதான் இருக்கிறான் என்பதை அந்த ஸ்பூன் அறியாது.

காசநோய் மருந்துகள் தனியாகப் பேசத் தகுந்தவை. நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், 1986 முதல் தங்களிடம் வந்த 1,223 திடீர்ச் செயலிழப்பு நோயாளிகளின் விவரத்தை 2010இல் வெளியிட்டார்கள். எழுபது பேருக்கு இந்த மருந்துகளே காரணம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். ஊட்டக்குறைவு இந்த நச்சுக்கு அறியப்பட்ட ஆபத்துக் காரணி. அரசுத் திட்டத்தில் மாத்திரையின் எண்ணிக்கை எடைப் பிரிவை வைத்துத்தான் முடிவாகிறது: 25 முதல் 34 கிலோ வரை இரண்டு, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. ஒரு கிலோ தவறினால் ஒரு மாத்திரை கூடும் அல்லது குறையும். காசநோயை வெல்ல இந்த மருந்துகள் வேண்டும், அதில் ஐயமே இல்லை. பயந்து நிறுத்துபவர்களே பெரும்பாலும் இழக்கிறார்கள். பசியற்றுப்போய்க் கண் மஞ்சளானால் அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை மாத்திரை கொடுக்கும் கையே சொல்லி அனுப்ப வேண்டும்.

காமாலைக்குப் பத்தியம் என்ற வழக்கமும் இந்த இடத்தில் கேள்விக்கு உள்ளாக வேண்டும். உப்பில்லை, எண்ணெய் இல்லை, பருப்பும் முட்டையும் கூடாது, இரண்டு வாரம் வெறும் மோர்ச்சோறு. செயலிழக்கும் கல்லீரலில் சர்க்கரைக் கையிருப்பு தீர்ந்துபோகும். ரத்தச் சர்க்கரை திடீரென்று சரிந்து நோயாளி மயங்கலாம். பார்ப்பவர்கள் அதைத் தூக்கம் என்று நினைப்பார்கள். அந்த நாட்களில் உடலின் ஆற்றல் தேவை இயல்பைவிடக் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. புரதத்தை அடியோடு நிறுத்துவது தசையைத்தான் கரைக்கும். அம்மோனியாவைக் கையாள்வதில் தசைக்கு உள்ள பங்கு ஏற்கெனவே சொன்னதுதான். கீழாநெல்லியை நம்பிக் கிராமத்து வைத்தியரிடம் முதலில் போவது நம் மக்களின் பழக்கம். பெரும்பாலான காமாலை தானாகவே குணமாவதால் அந்த நம்பிக்கை வளர்ந்தது. குணமாகாத அந்தச் சிலரைப் பத்தியத்தில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், மாற்று அறுவைக்கான கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்படுகிறது.

எடையும் உயரமும் பார்ப்பது அரசு மருத்துவமனைகளில் நடைமுறைக்கு ஒவ்வாது, கூட்டம் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு மறுமொழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து உருவாக்கியது. காசநோய் என்று தெரிந்தவுடனே ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணியாளர் எடை, உயரம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா ஆகியவற்றைப் பார்க்கிறார். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை, சேர்த்துக்கொள்ளப்படுகிறார். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு எடை இயந்திரமும் சுவரில் ஒட்டிய அளவுகோலும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும், அதைக் கட்டாயமாக்கிய ஓர் ஆணையும் போதுமானதாக இருந்தன.

அதே ஒழுங்கைக் காமாலையோடு வரும் ஒவ்வொருவருக்கும் கொண்டுவரலாம். நினைவு குழம்பியவரை நிற்கவைக்க முடியாது என்பது மெய்தான். எடை காட்டும் படுக்கைகளும் ஸ்ட்ரெச்சரோடு நிறுக்கும் தரை இயந்திரங்களும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் ஒன்றாவது தேவை. அதுவரை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான எலும்பின் நீளத்தை ஒரு டேப்பால் அளந்து உயரத்தைக் கணிக்கும் முறை இருக்கிறது. செவிலியருக்கு அதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ கால் வீங்கியிருந்தாலோ இயந்திரம் காட்டும் எண் ஏமாற்றும் என்பதால், நோய்க்கு முன் இருந்த எடையை வீட்டாரிடம் கேட்டு அதையும் தனியே எழுத வேண்டும்.

எழுதிய எண்ணைக் கொண்டு என்ன செய்வது என்பதிலும் தெளிவு வேண்டும். பருமன் என்பதைக் காட்டி ஒருவருக்கு மாற்று அறுவையை மறுப்பது இந்த ஆய்வுகளைத் தலைகீழாகப் படிப்பதாகும். இடர் கூடுதல் என்று தெரிந்தவரைக் கைவிட முடியாது. அவருக்கு நேரத்தைக் கூட்டித் தர வேண்டும். கண் மஞ்சளோடு ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கிய நாளிலேயே, மூளை குழம்பும்வரை காத்திராமல், மாற்று அறுவை நடக்கும் மருத்துவமனையோடு பேசிவிட வேண்டும். ஆசியர்களின் உடலில் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே கொழுப்பு உள்ளுறுப்புகளில் சேர்வதால், அமெரிக்கர்களின் 30ஐ நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்த வரையறையில் பி.எம்.ஐ. 25லேயே பருமன் தொடங்கிவிடுகிறது. நூற்றி அறுபது சென்டிமீட்டர்க்காரருக்கு அது 64 கிலோ.

இதற்கு மாநிலச் சுகாதாரத் துறை செலவழிக்க வேண்டியது மிகக் குறைவு: காமாலை நோயாளிகளுக்கென ஒரு பக்கப் பரிந்துரைப் படிவம். 108 ஆம்புலன்ஸில் ஏறும் நோயாளியோடு அந்தப் படிவமும் போக வேண்டும். எடை, உயரம், உடலில் நீர்க்கோவை உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மாத்திரையை எத்தனை நாள் எடுத்தார் என்ற விவரங்கள் அதில் இருந்தால், சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ இருக்கும் குழு அவர் வந்து சேர்வதற்குள் மருந்தின் அளவையும் பிளாஸ்மாவின் அளவையும் கணக்கிட்டு வைத்துவிடும். உடன் வரும் உறவினர்களில் யாருக்கு முதலில் ஸ்கேன் எடுப்பது என்பதையும் முடிவுசெய்துவிடும்.